பணயம் யாருடையது?

சூது தீது என்பது நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற தீர்ப்பு. அத்தீர்ப்புச் சரியானதே. ஆயினும், எந்தத் தீர்ப்பும் தனக்குரிய காரணங்களை இழந்து வெறும் வாய்பாடாக எஞ்சுமிடத்து, யாரையும் தடுத்து நிறுத்தும் வலிமையை இழந்துவிடுகின்றது. இன்று சூதாடுபவர் யாவரும் குடித்து வெறித்துக் குடும்பத்தை மறந்து திரிபவரல்லர். அவர்களுள் ஒரு சாரார் கற்றவர்கள், நிகழ்தகவு அறிந்தவர்கள், ஒவ்வொரு நாளின் வரவையும் செலவையும் ஒழுங்காக எழுதிவைப்பவர்கள். அத்தகைய ஒருவனிடம் ‘சூது தீது’ என்று மாத்திரம் சொன்னால், அவன் மரியாதையோடு கேட்டுவிட்டுத் தன் வழியே போவான். அவனோடு பேச விரும்புவோர் அவனுடைய கணக்கை அவனோடு கூட இருந்து போட்டுப்பார்த்தல் வேண்டும்.

என் தமக்கையின் மகன் அத்தகையவன். பல்கலைக்கழகத்திற் கணிதம் பயின்று, கொழும்பில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். மாலை வேளைகளிற் கைத்தொலைபேசியிற் போக்கர் என்னும் கடதாசி விளையாட்டைப் பணம் வைத்து ஆடுகின்றான் என்பதை நான் அறிந்திருந்தேன். சென்ற மாதம் ஊருக்கு வந்திருந்தபோது, ஓய்வுபெற்ற கணித ஆசிரியன் என்ற முறையில் என்னிடம் ஒரு கேள்வியைக் கொண்டுவந்தான்.

“மாமா, பத்து டொலர் மேசையில எட்டு மாதம் இருந்திட்டன். நூறு டொலரை நானூறாக்கிப்போட்டன். நூறு டொலர் மேசைக்கு ஏறுறதெண்டால் முப்பது மடங்கு கையில வேணும் எண்டுதான் எல்லாரும் சொல்லினம். அக்கா வீட்டுக் கூரைக்கு அனுப்பின காசையும் சேர்த்தால் சரியா மூவாயிரம் வரும். மாரிக்கு முந்தித் திருப்பி வைச்சிடுவன். ஏறலாமோ?”

கேள்வி கணக்கின் மொழியிலேயே கேட்கப்பட்டது. அவன் கையில் 400 டொலர். வெளிநாட்டில் முதியோர் இல்லமொன்றிற் பணிபுரியும் அவனுடைய தமக்கை, தாய் வாழும் வீட்டின் கூரையைத் திருத்தவென அனுப்பியது 2,600 டொலர். கூட்டல் சரி, நூறால் வகுத்தால் முப்பது வருவதும் சரி. எனினும் என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை. கணக்கிற் பிழையில்லை என்பதும், பிழை எங்கோ இருக்கின்றது என்பதும் எனக்கு ஒருங்கே தெரிந்தன. அப்பிழையைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முந்நூற்றிநாலு ஆடிப் பழகிய நம்மவர்க்குப் போக்கரின் இயல்பை விளக்குதல் கடினமன்று. முந்நூற்றிநாலில் எதிரே ஒரு கூட்டாளி உண்டு. வெற்றியும் தோல்வியும் இருவருக்கும் பொது. போக்கரிற் கூட்டாளி இல்லை. ஒவ்வொருவரும் தம் கடதாசிகளை மறைத்துக்கொண்டு, நடுவிற் சேரும் பணத்துக்காகத் தனித்தனியே பந்தயம் கட்டுகின்றனர். தம் கை வலிதென்று கருதுபவர் தொகையை ஏற்றலாம். மெலிதென்று கருதுபவர் விலகலாம். மெலிந்த கையை வைத்துக்கொண்டே வலிதெனப் பாவனை செய்து பிறரை விலகச் செய்தலும் கூடும். ஆதலின் இது சில்லைச் சுழற்றிவிட்டு எண்ணை எதிர்பார்த்திருக்கும் விளையாட்டுப் போன்றதன்று. நீண்ட காலத்தில் இங்கே திறமை வெல்லும். ஆனால் ஓர் இரவிலோ ஒரு வாரத்திலோ அதிர்ஷ்டமே ஆளும். வல்லவனும் தொடர்ந்து பல நாட்கள் தோற்கலாம். பேதையும் தொடர்ந்து பல நாட்கள் வெல்லலாம்.

நீண்ட காலம் வரும்வரை மேசையில் நிலைத்திருப்பதற்கு ஆட்டக்காரனுக்கு வேண்டியது, ஆட்டத்துக்கென்றே ஒதுக்கிவைத்த பணம். ‘பாங்க்ரோல்’ என்று அவர்கள் சொல்லும் இதனை நாம் ஆட்ட முதல் எனலாம். ஒவ்வொரு மேசைக்கும் அமரும்போது கொண்டுசெல்லும் தொகை ஒன்று உண்டு: சிறிய மேசைக்கு 10 டொலர், அடுத்த படிகளில் 25, 50, 100, 200 என்று அது ஏறிச்செல்லும். அத்தொகையைப் போல் 20 அல்லது 30 மடங்கேனும் முதலாக இல்லாதவன் அம்மேசையில் அமரக்கூடாது என்பது ஆட்டக்காரரிடையே வழங்கும் பொதுவிதி. எச்சரிக்கை மிகுந்தவர் 50 மடங்கு, 100 மடங்கு என்பர். இவ்விதிக்கு மறுபாதியும் உண்டு. முதல் குறைந்தால், மானம் பாராது கீழ்மேசைக்கு இறங்கிவிட வேண்டும். ஏறுவதற்கு விதி வைத்துக்கொண்டு இறங்குவதற்கு விதி வைத்துக்கொள்ளாதவன் விதியே இல்லாதவன்.

இவ்வொழுக்கத்துக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு கிறிஸ் பெர்குசன் என்னும் அமெரிக்கர். கணினி விஞ்ஞானத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற இவர், 2000ஆம் ஆண்டில் லாஸ் வேகாஸில் உலகப் போக்கர்த் தொடரின் முதன்மைப் போட்டியை வென்றவர். 2006இல் இவர் ஒரு பரீட்சையில் இறங்கினார். கைமுதல் ஒரு சதமும் இன்றி, நுழைவுக் கட்டணமில்லாத போட்டிகளில் ஆடத் தொடங்கி, 10,000 டொலரை அடைவதே அப்பரீட்சை. மிகச் சிறிய தொகைகளை விடுத்தால், தம் முதலில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் எந்த மேசைக்கும் கொண்டுசெல்வதில்லை. பலர் கலந்துகொள்ளும் பெரும் போட்டியாயின் நூற்றுக்கு இரண்டுக்கு மேற் செலவிடுவதில்லை. மேசையில் தம் முன்னுள்ள பணம் மொத்த முதலில் பத்திலொன்றைத் தாண்டினால் எழுந்துவிடுவது என்று தமக்கு விதி வகுத்துக்கொண்டார். இலட்சக்கணக்கான டொலருக்கு ஆடிய அம்மனிதர் பல மாதங்கள் சில டொலர்களோடு தவழ்ந்தார். ஈற்றில் இலக்கை அடைந்தார்.

இவ்விதிகளின் பின்னால் நிற்கும் கணிதம் மூன்றரை நூற்றாண்டுப் பழமை வாய்ந்தது. 1657இல் ஒல்லாந்து அறிஞர் ஹைகன்ஸ், பகடையாட்டக் கணக்குகள் பற்றிய தம் சிறு நூலின் இறுதியில் ஒரு வினாவை எழுப்பினார். இருவரிடம் தலைக்குப் பன்னிரண்டு காய்கள். ஒவ்வொரு முறையும் வெல்லும் வாய்ப்பு ஒருவனுக்கு ஒன்பது பங்கு, மற்றவனுக்கு ஐந்து பங்கு. ஒருவன் காய்கள் யாவும் தீரும்வரை ஆடினால் முடிவு என்ன? ஒன்பதுக்கு ஐந்து என்ற மேன்மை, ஆட்டம் முடியும்போது 1,150க்கு ஒன்று என்பதையும் தாண்டிவிடும். தாக்குப்பிடிக்கும் முதல் இருந்தால், சிறிய மேன்மையும் ஏறத்தாழ நிச்சயமான வெற்றியாகிவிடும் என்பது இதன் பொருள்.

ஆனால் மேன்மை மாத்திரம் போதாது. 1956இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பணிபுரிந்த ஜோன் கெலி என்பவர், மேன்மையுள்ளவன் எவ்வளவு பணயம் வைக்கலாம் என்பதைக் கணக்கிட்டார். நூற்றுக்கு 55 முறை வெல்லும் சமபந்தயம் ஒன்று உங்களுக்குக் கிடைத்துள்ளது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் முதலில் பத்திலொரு பங்கை ஒவ்வொரு முறையும் வைத்தால் முதல் மிக விரைவாக வளரும். ஐந்திலொரு பங்கை வைத்தால் வளர்ச்சி நின்றுவிடும். அதற்கும் மேலே வைத்தால், ஆட்டம் உங்கள் பக்கமே சாய்ந்திருந்தாலும் நாளடைவில் முதல் தேய்ந்தே போகும். காரணம் எளிது: நூறில் ஐம்பதை இழந்தவன் பழைய நிலையை அடைய ஐம்பதை இரட்டிப்பாக்க வேண்டும். இழப்பின் படிக்கட்டு இறங்குவதிலும் ஏறுவதிற் செங்குத்தானது.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைக்காது சொல்லிவிடல் வேண்டும். இவ்விதிகளைக் கடைப்பிடிப்பவனிடம் மெய்யான நற்குணங்கள் சில உண்டு. பொறுமை உண்டு. தன் வெற்றியிற் பாதி அதிர்ஷ்டம் என்பதை ஏற்கும் அடக்கம் உண்டு. ‘என்னால் ஏலும்’ என்னும் உள்ளத்தின் குரலை நம்பாது, எழுதிவைத்த கணக்கை நம்பும் நேர்மை உண்டு. தோல்விக்குப் பின் கீழ்மேசைக்கு இறங்கும் துணிவு உண்டு; ஏறுவதற்கு வேண்டிய துணிவினும் இது அரிது.

இக்குணங்கள் இல்லாதவிடத்து நேர்வதையும் நாம் அறிவோம். ஸ்ரூ உங்கர், 1980, 1981, 1997 ஆகிய மூன்று ஆண்டுகளில் அதே முதன்மைப் போட்டியை வென்றவர். கடதாசி விளையாட்டில் அவருக்கு நிகரானவர் அரியர் என்பர். 1997இல் 10 இலட்சம் டொலர் பரிசுக்குரிய அப்போட்டிக்கான 10,000 டொலர் நுழைவுத்தொகையைக்கூட வேறொருவரே கொடுக்க வேண்டியிருந்தது. பெற்ற பங்கைப் பந்தயங்களிலும் போதைப்பொருளிலும் தொலைத்த அவர், 1998 நவம்பரில் லாஸ் வேகாஸில் ஒரு மலிவான விடுதி அறையில் 45 வயதில் இறந்துகிடந்தார். ஆர்ச்சி கராஸ் என்பவர் 1992 டிசம்பரில் 50 டொலருடன் அந்நகரை அடைந்து, அதனை 4 கோடி டொலருக்கு மேலாகப் பெருக்கினார். 1995இற் பகடை முதலிய ஆட்டங்களில் யாவற்றையும் இழந்தார். இவர்களிடம் இல்லாதது திறமையன்று. நிறுத்தும் இடத்தை இவர்கள் வகுத்துக்கொள்ளவில்லை.

நமக்கு இக்கதை புதியதா? பாரதக் கதையில் தருமன் செய்தது என்ன? முத்தையும் பொன்னையும் வைத்தான்; இழந்தான். படையை வைத்தான், இழந்தான். நாட்டை வைத்தான், இழந்தான். தம்பியரை ஒருவர் பின் ஒருவராக வைத்தான், தன்னையும் வைத்தான், இறுதியிற் பாஞ்சாலியை வைத்தான். ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் அவன் முன்னதிலும் பெரிய பணயத்துக்கு ஏறினான். இழந்ததை மீட்பதற்காக ஏறுதல் என்னும் நோய்க்கு இதனிலும் தெளிவான சித்திரம் இல்லை. தர்ம நூல் யாவும் கற்றவன் என்பது அவனைக் காப்பாற்றவில்லை.

ஆனால் அக்கதையின் உயிர்நிலை தருமனின் மூடத்தனத்தில் இல்லை. பாஞ்சாலி எழுப்பிய கேள்வியில் இருக்கின்றது. தன்னை முதலில் இழந்தானா, என்னை முதலில் இழந்தானா என்று அவள் கேட்டாள். தன்னையே இழந்து அடிமையானவனுக்கு இன்னொருத்தியைப் பணயம் வைக்க உரிமை ஏது என்பது அதன் உட்பொருள். அச்சபையிலிருந்த அறிஞர் பலர் அவளுக்கு நேர்விடை கூறவில்லை. எவ்வளவு பணயம் என்று கேட்டால் கணிதம் விடை சொல்லும். யாருடைய பணயம் என்று கேட்டாற் கணிதம் மௌனம் சாதிக்கும். என் மருமகனின் கணக்கில் நான் தேடிய பிழை அங்கேதான் இருந்தது. முப்பது மடங்கு என்னும் விதியை அவன் மீறவில்லை. தன் தமக்கையின் பணத்தைக்கொண்டு அவ்விதியை நிறைவேற்றினான்!

ஆட்ட முதல் என்பதற்கு இலக்கணம் சொல்வோர், இழந்தால் வாழ்க்கையைத் தொடாத பணம் என்று சொல்வர். இவ்விலக்கணத்தைச் சற்று நின்று நோக்குவோம். இழந்தால் வாழ்க்கையைத் தொடாத பணம் யாரிடம் உண்டு? நாட்கூலியில் அரிசி வாங்குபவனிடம் அத்தகைய பணம் ஒரு சதமும் இல்லை. அவன் கையிலுள்ள ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு வயிறு உரிமை கோரிக்கொண்டிருக்கின்றது. முதியோரைக் குளிப்பாட்டி, இரவுப் பணி செய்து, ஊருக்கு அனுப்பும் பெண்ணின் பணமும் அத்தகையதே. அது வங்கியிற் சும்மா கிடப்பதாகத் தோன்றலாம். உண்மையில் அது ஏற்கெனவே கூரையாகிவிட்டது. ஓடு ஏற்றப்படவில்லை, அவ்வளவே.

1738இல் டானியல் பெர்னூலி என்னும் கணித அறிஞர் இதனை வேறொரு வழியாகக் கண்டார். ஓர் ஏழைக்கு ஒரு சீட்டுக் கிடைக்கின்றது. சரிபாதி வாய்ப்பில் அது அவனுக்கு 20,000 பொற்காசு தரும். சரிபாதி வாய்ப்பில் ஒன்றுமே தராது. கணக்கின்படி அச்சீட்டின் பெறுமதி 10,000. அவன் அதனை 9,000இற்கு ஒரு செல்வனுக்கு விற்றுவிட்டால் அவன் மூடனா? இல்லை என்றார் பெர்னூலி. வாங்கிய செல்வனும் மூடனல்லன். ஏனெனில் ஒரே தொகை இருவருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. இது சரியான கருத்து. ஆனால் நாம் ஒரு படி மேலே செல்ல வேண்டும். அவ்வியாபாரத்தில் ஆயிரம் பொற்காசு ஏழையிடமிருந்து செல்வனிடம் போய்விட்டது. ஏழை தவறேதும் செய்யவில்லை. யாரும் அவனை ஏமாற்றவுமில்லை. தோல்வியைத் தாங்கும் வசதி அவனிடம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அவன் அந்த ஆயிரத்தைச் செலுத்தினான்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒருவனிடம் 100 ரூபாய். மற்றவனிடம் 10,000 ரூபாய். முற்றிலும் நேர்மையான நாணயத்தைச் சுண்டி, ஒவ்வொரு ரூபாயாக, ஒருவன் கை வெறுமையாகும்வரை ஆடுகின்றார்கள். சிறிய முதலுடையவன் வெல்லும் வாய்ப்பு 101இல் ஒன்று. நாணயத்திற் கள்ளமில்லை, விதியில் ஓரவஞ்சனை இல்லை, ஆயினும் முடிவு ஏறத்தாழ எழுதிவைத்ததே. விதிகள் சமமாயிருப்பதனாலேயே ஆட்டம் சமமாகிவிடும் என்று நமக்குப் போதிப்பவர்கள் இச்சிறு கணக்கைப் போட்டுப்பார்த்தல் நன்று. துணிவு என்றும் தொழில்முனைப்பு என்றும் நாம் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளிற் காண்பது பெரும்பாலும் அவர்களுடைய பின்முதலே. கோழைத்தனம் என்று வறியவரிற் காண்பது பெரும்பாலும் அவர்கள் சரியாகப் போட்ட கணக்கே.

நிற்க. தன் சொந்தப் பணம், எவரும் உரிமை கோராத பணம் என்றே கொள்வோம். அப்பொழுதேனும் ஆட்ட முதலை ஒழுங்காகப் பேணுபவன் குற்றமற்றவனா? இக்கேள்விக்கு விடை காண, வென்ற பணம் எங்கிருந்து வருகின்றது என்பதைப் பார்க்க வேண்டும்.

ஒரு மேசையில் அறுவர். தலைக்கு 200 டொலராக 1,200 டொலர். மணிக்கு முப்பது கை ஆடுகின்றனர். மேசை நடத்துபவர் கைக்குச் சராசரியாக 4 டொலர் எடுத்துக்கொள்கின்றார் என்று கொள்வோம். மணிக்கு 120 டொலர். அறுவரும் நிகரான திறமையும் நிகரான ஒழுக்கமும் உடையவராயின், பத்து மணி நேரத்தில் இக்கணக்கின்படி மேசையில் ஒரு சதமும் எஞ்சாது. ஒழுக்கம் முழுவதும் நடத்துபவருக்கு வாடகையாகப் போய்ச் சேர்ந்துவிடும். நெசவாளர் யாவரும் கருத்தாக நெய்தால் நாட்டிற் புடைவை மிகும். உழவர் யாவரும் கருத்தாக உழுதால் நெல் மிகும். போக்கர் ஆடுபவர் யாவரும் கருத்தாக ஆடினால் எவருக்கும் எதுவும் மிகாது. ஒருவன் மிச்சம்பிடிக்க வேண்டுமானால், அதே மேசையில் விதியறியாத, அல்லது விதியை மறந்த, அல்லது விதியைக் கடைப்பிடிக்க வசதியற்ற இன்னொருவன் இருந்தே தீர வேண்டும். எல்லாரும் நல்லவராயின் பயனற்றுப்போகும் நற்குணத்தை நாம் முழுமையான நற்குணம் என்று சொல்ல முடியுமா?

எட்டு மாதத்தில் வென்ற 300 டொலர் யாருடையது என்று மருமகனிடம் கேட்டேன்.

“ஆரெண்டு தெரியாது மாமா. ஒரு சின்னப் படமும் ஒரு பட்டப்பெயரும்தான் திரையில தெரியும்” என்றான்.

அப்பட்டப்பெயர்களுள் ஒன்றன் பின்னால், தமக்கையின் கூரைப் பணத்தோடு இன்னொரு மருமகன் இருந்திருக்கக் கூடும் என்பது அவனுக்குத் தோன்றியிருக்கவில்லை. நாம் காணாதவரின் இழப்பு நமக்கு இலாபமாக மாத்திரமே தெரிகின்றது. சந்தையின் இயல்பும் இதுவே. போக்கர் மேசை அதனை மறைப்பதில்லை என்பது ஒன்றே வேறுபாடு.

தனிமனித ஒழுக்கத்தின் எல்லையை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. பெர்குசன் தம் பரீட்சையை நடத்திய இடம் ஃபுல் டில்ட் என்னும் இணைய நிறுவனம். அதன் இயக்குநர் சபையிலும் அவர் இருந்தார். 2011 ஏப்ரல் 15ஆந் திகதி அமெரிக்க அரசு, அந்நிறுவனம் உட்பட மூன்று பெரிய நிறுவனங்கள்மீது நடவடிக்கை எடுத்தது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் உலகெங்குமுள்ள ஆட்டக்காரருக்கு ஏறத்தாழ 39 கோடி டொலர் கொடுக்க வேண்டியிருந்த ஃபுல் டில்டின் வங்கிக் கணக்குகளில் 6 கோடி அளவே இருந்தது என்றும், 2007 முதல் பங்குதாரருக்கும் இயக்குநருக்கும் 40 கோடிக்கு மேற் பகிர்ந்தளிக்கப்பட்டது என்றும் செப்டெம்பரில் அரசுத் தரப்புக் குற்றஞ்சாட்டியது. பெர்குசன் தவறெதையும் ஒப்புக்கொள்ளாமலே 2013இல் அவ்வழக்கிற் சமரசம் செய்துகொண்டார். 2018இல் ஆட்டக்காரரிடம் மன்னிப்புக் கோரினார். வேறொரு நிறுவனம் 2012இற் சொத்துக்களைப் பொறுப்பேற்ற பின்பே பணம் திரும்பலாயிற்று. அமெரிக்க ஆட்டக்காரர் 2014 வரை காத்திருந்தனர்.

ஒரு தனிமனிதரைத் தூற்றுவதற்காக இதனை இங்கே கூறவில்லை. நூற்றுக்கு ஐந்து, நூற்றுக்கு இரண்டு என்று விதிகளைச் சதம் பிசகாமற் காத்த எத்தனையோ இளைஞர்களின் முதல், அந்நிறுவனத்தின் கணக்கில் வெறும் எண்ணாகக் கிடந்தது. மேசைமீது நேரக்கூடிய ஆபத்துக்கெல்லாம் அவர்கள் கணக்கு வைத்திருந்தனர். மேசைக்கு அடியில் நிலமே இல்லாதிருத்தல் கூடும் என்பதற்குக் கணக்கு வைக்கவில்லை. தனிமனிதன் எவ்வளவு விவேகியாயினும், அவன் பணத்தைக் காக்கும் அமைப்பு யாருக்கும் பதில்சொல்லக் கடமைப்படாதிருக்கும்வரை, அவனுடைய விவேகம் பிறர் கையில் அடகு வைக்கப்பட்டதே.

அப்படியாயின் ஆட்ட முதல் என்னும் கருத்தையே தள்ளிவிடலாமா? கூடாது. அதனுள் ஒரு பெரிய உண்மை பொதிந்திருக்கின்றது. எந்த மனிதனின் வாழ்வும் ஒரே ஒரு வீழ்ச்சியாற் தீர்மானிக்கப்பட்டுவிடக் கூடாது என்பதே அவ்வுண்மை. சூதாட்டம் அதனைத் தனியொருவனின் பெட்டிக்குள் அடைத்துப் பிறர் இழப்பினால் ஊட்டி வளர்க்கின்றது. அதே உண்மையைப் பொதுவிற் கட்டியெழுப்பவும் கூடும். நம் கிராமங்களில் மரண உதவிச் சங்கங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் இக்கணக்கையே போட்டன. வேலைநிறுத்தத்துக்கு முன் தொழிலாளர் சேர்க்கும் நிதியும் இத்தகையதே. எத்தனை வாரம் தாக்குப்பிடிக்கலாம் என்று கணக்கிடாது போராட்டத்தில் ஏறும் தொழிற்சங்கம் பெரிய மேசையில் அமர்ந்த சிறிய முதலே. ஆனால் இவற்றில் ஒருவனின் பாதுகாப்பு இன்னொருவனின் அழிவிலிருந்து வருவதில்லை.

என் மருமகனுக்கு நான் இதனைத்தான் நினைவூட்டினேன். அவனுடைய பாட்டனார் கமக்காரர். கையிற் பின்முதல் என்று ஒன்றும் இல்லாதவர். அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பள்ளிக்கூடம் ஏறியது கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இந்நாட்டில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியினால். ஒரு பரீட்சையிற் தவறினால் வயலை விற்க வேண்டும் என்ற நிலை இருந்திருப்பின், அக்குடும்பத்தில் எவரும் பரீட்சை எழுதத் துணிந்திரார். நிகழ்தகவை அவன் கற்றதே நாட்டு மக்கள் யாவரும் சேர்ந்து வைத்த முதலினால். அம்முதலுக்கு அவன் கடன்பட்டவன். அதற்கு ஆட்ட முதல் என்று யாரும் பெயரிடவில்லை.

பின்னர் அவன் கேட்ட கேள்விக்கும் விடை சொன்னேன்; கேட்டவனுக்குக் கணக்கை மறுப்பது ஆசிரியனுக்கு அழகன்று. ஒரு தாளில் எழுதினேன். அவனுடைய பணம் 400. அடுத்த படியான 25 டொலர் மேசைக்கே அது 16 மடங்குதான். அவன் நம்பும் விதியின்படி 750 வேண்டும். நூறு டொலர் மேசையில் அமர்ந்திருப்பவர் பத்து டொலர் மேசையினரினும் வல்லவர். அங்கே அவனுக்கு மேன்மை உண்டா என்பதற்குச் சான்று ஏதுமில்லை. மேன்மை இல்லாதவனுக்கு முப்பது மடங்கு என்ன, முந்நூறு மடங்கும் போதாது. ஆட்டம் நீளும், முடிவு மாறாது. மாரிக்கு முன் திருப்பிவைப்பேன் என்பதோ, திகதி குறித்து அதிர்ஷ்டத்துக்கு அனுப்பும் கட்டளை. குறுகிய காலத்தில் அதிர்ஷ்டமே ஆளும் என்பதை ஒப்புக்கொண்ட பின் எவரும் அவ்வாறு சொல்லல் ஆகாது. இவை யாவற்றுக்கும் மேலே, தாளின் தலைப்பில், இரண்டு கேள்விகளை எழுதினேன்: வைப்பது யாருடையது? வெல்வது யாரிடமிருந்து? இவ்விரண்டுக்கும் விடை எழுதிய பின்பே கீழேயுள்ள கணக்குக்கு வர வேண்டும் என்றேன்.

அவன் தாளை நெடுநேரம் பார்த்திருந்தான். நான் எதிர்பார்த்தபடி வாதாடவில்லை. “நானூறும் என்ர எண்டுதான் மாமா இவ்வளவு நாளும் நினைச்சிருந்தனான்” என்று மாத்திரம் சொன்னான். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

மறுவாரம் என் தமக்கை வீட்டு வாசலில் ஓடுகள் வந்து இறங்கின. தச்சனுக்கு முற்பணத்தை அவனே கொடுத்திருந்தான். அவன் இன்னும் அந்தப் பத்து டொலர் மேசையில் அமர்கின்றானா என்று நான் கேட்கவில்லை. அது அவன் தனக்குத்தானே விடை சொல்ல வேண்டிய கேள்வி. ஆனால் அவனைப் போன்ற இளைஞர் பலர் தம் அறிவையும் பொறுமையையும் அடக்கத்தையும் ஒவ்வொரு மாலையும் அம்மேசைகளிற் கொண்டுபோய்க் கொட்டுகின்றனர். அக்குணங்களுக்கு அதனிலும் தகுதியான வேலையைக் கொடுக்க இச்சமுதாயம் தவறிவிட்டதே, ஏன்? அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் அவர்கள் அல்லர், நாமே.